ஜெயஷீலா திரும்பப் பெற்ற ஆந்தை

ஈட்டிமூடு நேச்சர் லாட்ஜில் காலை உணவுக்கு வரும் விருந்தினர்களுக்குப் புட்டும் கடலையும் வருவதற்கு முன்னால் ஒரு காகிதம் வரும். அன்று விடிந்ததிலிருந்து அந்தக் காட்டில் பதிவான பறவைகளின் பட்டியல் அது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டங்கள்: கண்டது, கேட்டது. மற்ற லாட்ஜுகளின் பட்டியல்களில் கண்டது அதிகமாக இருக்கும். இங்கே கேட்டதுதான் அதிகம். பட்டியலை எழுதுகிற ஜெயஷீலாவின் காது அப்படி.

அவருக்கு நாற்பத்தொரு வயது. ஊர் வெள்ளறடைப் பக்கம். ஒரே வாக்கியத்தில் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிக்கிற எல்லைப் பகுதி. அப்பா சத்தியநேசன் ரப்பர் வெட்டும் தொழிலாளி. மகளை விலங்கியல் படிக்கவைத்தார். பட்டத்தோடு லாட்ஜுக்கு வந்த மகளுக்குக் கிடைத்தது அறைகளில் படுக்கை விரிக்கும் வேலை. விருந்தினர்களைக் காட்டுக்குள் அழைத்துப் போகும் நேச்சுரலிஸ்ட் வேலைக்கு, தடங்கலில்லாமல் ஆங்கிலம் பேசும் இளைஞர்கள் பெங்களூரிலிருந்து வந்தார்கள். மழை தொடங்கி அட்டைகள் காலில் ஏறியதும் ஊருக்குத் திரும்பினார்கள். அடுத்த சீசனில் வேறு ஆள் வந்தார்.

எட்டு வருடம் பதினான்கு அறைகளின் ஜன்னல்களைத் திறந்து மூடியதில், வெளியே கூவுவது எது என்று தலையைத் திருப்பாமலே சொல்ல ஜெயஷீலாவால் முடிந்தது. ஒருநாள் பெங்களூர் ஆள் வராந்தாவில் நின்று ஒரு குரலுக்குத் தப்பான பெயர் சொன்னார். உள்ளே தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்த ஜெயஷீலா சரியான பெயரைச் சொன்னார். விருந்தினர் தொலைநோக்கியில் தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, முதலாளிக்குக் கடிதம் எழுதினார். அடுத்த சீசனில் வேலை கைமாறியது. படுக்கை விரித்த பெண்ணை நேச்சுரலிஸ்ட் ஆக்கியதை லாட்ஜ் தன் விளம்பரத்தில் பெருமையாகப் போட்டுக்கொண்டது. எட்டு வருடம் ஆக்காமல் இருந்ததைப் போடவில்லை.

காட்டில் பறவை காட்டுவதற்குப் பொறுமை வேண்டும். இரண்டு நாள் தங்க வருகிறவர்களிடம் அது இருப்பதில்லை. அதனால் இந்தத் தொழிலில் பலரும் செய்வதை ஜெயஷீலாவும் செய்தார். இடுப்பில் சின்ன ஸ்பீக்கர், போனில் பறவைக் குரல்கள். ஒரு குரலைப் போட்டால், தன் எல்லைக்குள் வேறொன்று நுழைந்துவிட்டதென்று அந்த இனப் பறவை சண்டைக்கு வெளியே வரும். விருந்தினர் படம் எடுப்பார். குரல்களை இணையத்திலிருந்து எடுத்து, இரைச்சலும் பேச்சும் இல்லாதபடி வெட்டிச் சுருக்கிவைத்தது ஜெயஷீலாதான்.

அப்படி வெட்டிவைத்ததில் ஒன்று ரிப்ளி ஆந்தையின் குரல். மேற்கு மலைகளில் மிகச் சிலரே பார்த்திருக்கும் ஆந்தை. ஈட்டிமூட்டில் யாரும் பார்த்ததில்லை. இருக்கிறதா என்று அறிவதற்காக ஒரு குளிர்கால சீசன் முழுவதும், விடியலுக்கு முன்னால் ஆற்று வளைவில் நின்று அந்தக் குரலைப் போட்டுப் பார்த்தார். பதிலே வரவில்லை. விட்டுவிட்டார்.

அடுத்த டிசம்பரில் ஒரு நாள், காலை ஐந்தேகால் மணிக்கு, ஆற்று வளைவுக்கு அந்தப் பக்கம் ஈற்றை மூங்கில் புதருக்குள்ளிருந்து விசில் ஒன்று நீண்டு மேலேறியது. பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் மூன்றாவது. பிறகு ஒன்றுமில்லை. ஜெயஷீலா அரைமணி நேரம் அசையாமல் நின்றார். அன்றைய பட்டியலில் ‘ரிப்ளி ஆந்தை, ஒன்று, கேட்டது’ என்று எழுதினார். இணையத்திலும் பதிந்தார்.

பறவைப் பதிவுகளைத் திரட்டும் இணையதளம் ஒன்றில் இந்த மாவட்டத்துக்கு வரும் பதிவுகளைச் சரிபார்க்கிறவர் நகரத்தில் ஸ்ரீவராகம் பகுதியில் வசிக்கும் வெங்கடகிருஷ்ணன், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. காதால் மட்டும் கேட்ட அரிய பறவையை அவர் ஏற்பதில்லை. படமோ ஒலிப்பதிவோ கேட்பார். ஜெயஷீலாவிடம் இரண்டும் இல்லை. ஆனாலும் பதிந்தவர் ஜெயஷீலா என்பதால் ஏற்றுக்கொண்டார்.

லாட்ஜ் மானேஜர் ஸ்ரீநிவாஸ் ஒரு மாதத்துக்குள் அந்த ஆந்தையை வைத்து மூன்று காரியங்கள் செய்தார். வாசலில் படம் வைத்தார். விடியற்கால ஆந்தை நடை என்று ஒரு புதுத் திட்டம் தொடங்கினார். மூன்றாவதாக, ஒரு பாதையை அடைத்தார்.

அந்தப் பாதைக்கு லாட்ஜைவிட வயது அதிகம். மலைக்கு மேலே, மூடிப்போன தேயிலை எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் இருபத்தெட்டுக் குடும்பங்கள் இருக்கின்றன. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்கக் கூட்டிவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். எஸ்டேட் போன பிறகும் அவர்களுக்குப் போக இடமில்லை. ஈற்றைப் புதர் வழியாக இறங்கினால் இருபது நிமிடத்தில் பஸ் நிறுத்தம். பாதையின் கீழ்ப்பகுதி இப்போது லாட்ஜின் நிலம். எந்தக் காகிதத்திலும் அது பாதை என்று எழுதப்படவில்லை. நடந்து நடந்து ஆனது. சூழல் சுற்றுலாக் கமிட்டி ஒன்று தரும் பச்சை முத்திரைச் சான்றிதழுக்கு லாட்ஜ் விண்ணப்பித்திருந்தது. அரிய உயிரினங்களைக் காக்க என்ன செய்தீர்கள் என்று படிவத்தில் ஒரு கேள்வி. ஏப்ரல் வரை மனித நடமாட்டத்தைத் தடுத்திருக்கிறோம் என்று ஸ்ரீநிவாஸ் பதில் எழுதினார். எழுதியபடி இரும்பு கேட்டும் போட்டார். ஆந்தை நடைக்கு விருந்தினர்களை ஏற்றிவரும் ஜீப் மட்டும் அந்த கேட் வரை போய்வந்தது. ஜீப்பின் சத்தம் ஆந்தையைத் தொந்தரவு செய்யாது, ஏழைகளின் செருப்புச் சத்தம் செய்யும் என்று ஆயிற்று.

கேட்டில் தொங்கிய பலகையின் வாசகத்தை மலையாளத்திலும் தமிழிலும் எழுதிக் கொடுத்தது ஜெயஷீலா. ‘அரிய ரிப்ளி ஆந்தையின் வாழிடம். ஏப்ரல் முடியும்வரை இவ்வழியே யாரும் நடக்கக் கூடாது.’ அப்போது அவர் அதை நம்பித்தான் எழுதினார்.

லயனில் சாவித்ரி என்று ஒருவர் இருந்தார். வயது ஐம்பத்திரண்டு. சிறுநீரகம் இரண்டும் பழுது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் முதல் பஸ்ஸில் நகரத்துத் தம்பானூர் பஸ் நிலையம் போய், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருகிறவர். முதல் பஸ் ஐந்து நாற்பதுக்கு. அதை விட்டால் எட்டு மணி முறை போய்விடும். பாதை அடைபட்ட பிறகு, எஸ்டேட் ரோட்டைச் சுற்றி ஏழு கிலோமீட்டர். ரோடு பெயர்ந்து கிடப்பதால் ஆட்டோ மேலே ஏறாது. பக்கத்து வீட்டு ஆண்கள் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு மூங்கில் கழிகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆண்கள் வேலைக்குப் போயிருந்த நாட்களில் தூக்க ஆள் இல்லை. ஜனவரியில் மூன்று முறை தவறியது.

இந்தச் செய்தியை ஜெயஷீலாவிடம் கொண்டுவந்தவர் ராகேல். அவரும் லயனைச் சேர்ந்தவர், லாட்ஜில் துணி வெளுப்பவர். ஏழு கிலோமீட்டர் நடந்து வந்து, தாமதத்துக்குத் திட்டும் வாங்கிக்கொண்டு, வாளியில் விரிப்புகளை முக்கியபடி கேட்டார்.

“எந்தா ஜெயா, உன் ஆந்தை முட்டை இட்டாச்சா? குஞ்சு பொரிச்சா சொல்லு. சாவித்ரிக்கு அதுவரை மூத்திரத்தை அடக்கி வெச்சுக்கச் சொல்லலாம்.”

அந்தப் பறவை உலகத்திலேயே மிகக் குறைவாக இருப்பது, பாதை அடைபட்டிருப்பது நான்கு மாதம் மட்டும்தான் என்று ஜெயஷீலா விளக்கினார். ராகேல் முடியும்வரை கேட்டார்.

“நாங்களும் குறைஞ்சிட்டுத்தான் வாறோம். எங்களை எண்ணி எழுத ஆள் இல்லை, அத்தறேதான்.”

ஜெயஷீலா அன்றே ஸ்ரீநிவாஸிடம் போய், வாரத்தில் மூன்று நாள் சாவித்ரிக்கு மட்டும் கேட்டைத் திறக்கலாமே என்று கேட்டார். ஒருவருக்குத் திறந்தால் இருபத்தெட்டு வீட்டுக்கும் திறக்க வேண்டிவரும், கமிட்டி ஆய்வுக்கு வரும் நேரத்தில் அது நன்றாக இருக்காது என்று பதில் வந்தது.

பிப்ரவரி இரண்டாம் வாரம். காலை ஏழு மணி, நல்ல வெளிச்சம். கணவன் மனைவி இருவரை அழைத்துக்கொண்டு ஜெயஷீலா துணி காயப்போடும் முற்றத்தைக் கடந்துகொண்டிருந்தார். தலைக்கு மேலே ரிப்ளி ஆந்தை விசிலடித்தது.

பகலில், திறந்த வெளியில் அந்த ஆந்தை கூவாது. ஜெயஷீலா நிமிர்ந்து பார்த்தார். இலையில்லாத முருக்க மரத்தின் உச்சியில் ஒரு துடுப்புவால் கரிச்சான். கன்னங்கரிய பறவை, வாலிலிருந்து இரண்டு கம்பிகள் நீண்டு, நுனியில் துடுப்புப் போல விரிந்திருக்கும். இதற்கு ஒரு துடுப்பு உடைந்துபோயிருந்தது. மலையாளத்தில் இதன் பெயர் காடுமுழக்கி. விடியலுக்கு முன்பே கத்தத் தொடங்கும். கேட்ட குரலையெல்லாம் தன் குரலாக்கிக்கொள்ளும். ஜெயஷீலா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வல்லூறுபோலக் கத்தியது, குக்குறுவானாகக் கூவியது, லாட்ஜ் பூனையாக மியாவ் என்றது. பிறகு மறுபடி ஆந்தையானது. ஒரு விசில், இரண்டாவது விசில், மூன்றாவது பாதியில் வெட்டுப்பட்டு நின்றது.

ரிப்ளி ஆந்தையின் கூவல் மூன்றோடு முடிவதில்லை. இன்னும் சில விசில்கள் ஏறி, பிறகு தணியும். ஜெயஷீலா இணையத்திலிருந்து எடுத்த மூலப் பதிவில் மூன்றாவது விசிலின் நடுவே, பதிவு செய்தவர் யாரோ இருமியிருந்தார். அதற்காக அங்கே வெட்டியது ஜெயஷீலா. காட்டில் இல்லாத ஆந்தையை ஒரு சீசன் முழுக்க ஸ்பீக்கரிலிருந்து கேட்டு, வெட்டு உட்பட அப்படியே கற்றுக்கொண்டிருந்தது கரிச்சான். அந்த வெட்டிய துண்டையே திரும்பத் திரும்பக் கேட்டதால், ஆந்தையின் முழுக் குரல் அவ்வளவுதான் என்று ஜெயஷீலாவின் காதும் பழகியிருந்தது. கற்றுக்கொண்டவர்கள் இருவர். ஆசிரியர் ஒரு ஸ்பீக்கர்.

அது என்ன பறவை என்று விருந்தினர் கேட்டார்கள். காடுமுழக்கி என்று சொல்லி, பட்டியலில் ‘கண்டது’ கட்டத்தில் எழுதினார்.

அன்றே போய் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு தப்பை இன்னொரு அவசரத்தால் திருத்தக் கூடாது என்று நினைத்தார். ஒன்பது நாள், விடியலுக்கு முன் அதே ஈற்றைப் புதரருகே நின்று ஒலிப்பதிவு செய்தார். இருபத்து மூன்று பதிவுகள். எல்லாமே மூன்றாவது விசிலில் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டன. இரண்டு முறை டார்ச் வெளிச்சத்தில் உடைந்த துடுப்பையும் பார்த்துவிட்டார். அந்த ஒன்பது நாளில் சாவித்ரிக்கு இன்னொரு முறை தவறியது. கால் வீங்கி, மூச்சு வாங்குவதாக ராகேல் சொன்னார். இந்த முறை கேலி இல்லை.

ஸ்ரீநிவாஸ் பதிவுகளை இயர்போனில் பொறுமையாகக் கேட்டார். கெட்டிக்காரர், உடனே புரிந்துகொண்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“சரி, நீங்க கேட்டது கரிச்சான்னே வெச்சுப்போம். அதனால இந்தக் காட்டுல ஆந்தையே இல்லேன்னு ஆயிடுமோ? இல்லேன்னு நிரூபிக்க முடியுமா உங்களால?”

“இல்லாததை ஆராலும் நிரூபிக்க முடியாது சார். இருக்குன்னு எழுதினது நானாக்கும். அது தப்புன்னு நிரூபிக்கலாம்.”

“ஏப்ரல் வரைக்கும் பொறுத்துக்கோங்கோ. இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும். அப்புறம் சத்தமில்லாம எடுத்துடலாம்.”

“சாவித்ரிக்க உடம்பு ஏப்ரல் வரை பொறுக்காது சார்.”

“அது மெடிக்கல் விஷயம். லாட்ஜ் விஷயம் இல்லையே.”

பிறகு குரலைத் தணித்து, இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் ஜெயஷீலாவின் காதை நம்பித்தான் வருகிறார்கள், அதைத் தானே உடைத்துக்கொள்வானேன் என்று சொன்னார். சொன்னது உண்மை. படுக்கை விரித்த பெண்ணுக்கு அந்தக் காதைத் தவிர வேறு சிபாரிசு இருந்ததில்லை. பெங்களூர் ஆள் தப்பாகச் சொன்னால் அது ஒரு தப்பு. இவர் சொன்னால், இவருக்கெல்லாம் எதற்கு இந்த வேலை என்ற கேள்வி வரும். இது ஸ்ரீநிவாஸுக்கும் தெரியும், ஜெயஷீலாவுக்கும் தெரியும்.

திங்கள்கிழமை அவருக்கு விடுமுறை. தம்பானூரில் இறங்கி, பழவங்காடிப் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைபடும் சத்தத்தைக் கடந்து, ஸ்ரீவராகத்துக்கு நடந்தே போனார். வெங்கடகிருஷ்ணன் வாசலுக்கு வந்து வரவேற்றார். ரிப்ளி ஆந்தையைப் பற்றி ஒரு சங்கத்தில் தாம் பேசப்போவதாகச் சொல்லி, அழைப்பிதழையும் காட்டினார். ஜெயஷீலா போனை எடுத்து மேசையில் வைத்தார்.

ஸ்பீக்கரில் போட்ட துண்டையும் காட்டில் எடுத்த பதிவுகளையும் இருவரும் ஒரு மணி நேரம் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். வெங்கடகிருஷ்ணன் மறுபடி, மறுபடி போடச் சொன்னார். எதிரொலியாக இருக்கலாம், ஆந்தையே சில சமயம் பாதியில் நிறுத்தலாம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். காபி கொண்டுவந்த அவர் மனைவி அனந்தலக்ஷ்மி, ஒரு இயர்போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

“ரெண்டும் ஒரே இடத்துல நிக்கறதே. இதைக் கண்டுபிடிக்கவா இத்தனை நாழியா ஒயரை மாட்டிண்டு உக்காந்திருக்கேள்?”

வெங்கடகிருஷ்ணன் இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். இத்தனை வருடத்தில் காதால் கேட்டதை மட்டும் நம்பி ஏற்ற அரிய பதிவு இது ஒன்றுதான் என்றார். பிறகு ஒரு வழி சொன்னார். பதிவைச் ‘சந்தேகத்துக்குரியது’ என்று மாற்றிவிடலாம். யார் கண்ணிலும் படாது.

“படணும் சார். அந்தப் பதிவை வெச்சு ஒரு வழியை அடைச்சிருக்கு. சந்தேகம்னு போட்டா, சந்தேகத்துக்காகவே அடைச்சு வெச்சிருப்பாங்க. தப்புன்னு போடுங்க.”

“உங்க பேர் அடிபடும்மா. என் பேரும்தான்.”

“பேரு நம்மளோடது, சார். கால் வீங்கினது வேற ஆளுக்கு.”

காரணத்தை ஜெயஷீலாவே எழுத வேண்டும் என்று வெங்கடகிருஷ்ணன் கணினியைத் திருப்பிவைத்தார். ஜெயஷீலா எழுதினார்: ‘டிசம்பரில் நான் பதிந்தது ரிப்ளி ஆந்தை அல்ல. என் ஸ்பீக்கரைக் கேட்டுப் பழகிய காடுமுழக்கி. ஆதாரமாக இருபத்து மூன்று ஒலிப்பதிவுகள் இணைக்கப்பட்டுள்ளன. பிழை பறவையுடையது அல்ல, என்னுடையது.’ வெங்கடகிருஷ்ணன் அதன் கீழே, சரிபார்க்காமல் ஏற்றது தன் பிழை என்று ஒரு வரி சேர்த்துப் பதிவை நீக்கினார். அழைப்பிதழை மடித்து ஒரு புத்தகத்துக்குள் வைத்தார்.

தம்பானூரில் ஒரு கடையில் ஜெயஷீலா அதை மூன்று பிரதி எடுத்தார். ஒன்று கமிட்டிக்குத் தபாலில் போயிற்று. ஒன்றை மானேஜர் மேசையில் வைத்தார். மூன்றாவதை ராகேலிடம் கொடுத்து, தமிழில் படித்துக் காட்டினார்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்கு லயனிலிருந்து ஆறு பெண்கள் பாதை வழியே இறங்கி வந்தார்கள். நடுவில் சாவித்ரி, ராகேலின் தோளைப் பிடித்தபடி. கேட்டில் காவலுக்கு இருந்தவர் தாணு. ஐந்து வருடமாக அங்கே வேலை செய்பவர், பயந்த சுபாவம். சாவி மானேஜரிடம் இருக்கிறது, தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னார். பெண்கள் திரும்பிப் போகவில்லை. டார்ச்சோடு நின்றிருந்த ஜெயஷீலா கம்பிகளுக்கு இடையே கையை விட்டுப் பலகையைக் காட்டினார்.

“இதை எழுதினது ஞானாக்கும் தாணு அண்ணா. தப்பா எழுதிட்டேன். எடுத்திடுங்க.”

தாணு பலகையை எடுத்துச் சுவரோரம் சாய்த்துவைத்தார். பூட்டைப் பார்த்தார், சாவித்ரியின் கால்களைப் பார்த்தார். பிறகு ஒரு கடப்பாரையை எடுத்துவந்து, பூட்டைத் தொடாமல், மறுபக்கத்துக் கீல்களிலிருந்து கேட்டை நெம்பித் தூக்கிச் சுவரில் சாத்தினார். பூட்டு பூட்டியபடியே கேட்டோடு தொங்கியது. காலையில் மானேஜர் கேட்டபோது அதைத்தான் சொன்னார்: “பூட்டைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னீங்க சார். திறக்கலை.”

அன்று மாலையே கேட் திரும்ப மாட்டப்பட்டது. வியாழக்கிழமை தாணு மறுபடி கழற்றினார். சனிக்கிழமை காலை ஸ்ரீநிவாஸே கேட்டருகில் நின்றார். அதே நேரத்தில், திட்டத்தில் ஏற்கெனவே பேர் கொடுத்திருந்த எட்டு விருந்தினர்களோடு ஆந்தை நடை ஜீப்பும் வந்து நின்றது. அடைத்த கேட்டின் அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் கேமராக்கள். இவர்கள் யார், எதற்காக நிற்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார்.

பதில் சொல்ல வேண்டியது ஜெயஷீலா. அந்த நடையின் நேச்சுரலிஸ்ட் அவர்தான். சொன்னார். இங்கே ரிப்ளி ஆந்தை இருப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை, இருப்பதாகச் சொன்னது தன் தவறு, அந்தத் தவறை நம்பி இவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி அடைபட்டிருக்கிறது என்று ஆங்கிலத்தில், குரலை உயர்த்தாமல் சொன்னார். காடுமுழக்கியைக் காட்ட முடியும், அது இந்தக் காட்டின் மிகக் கெட்டிக்காரப் பறவை என்றும் சேர்த்துக்கொண்டார். ஒரு விருந்தினர் கேட்டையும் மானேஜரையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னொருவர் படம் எடுத்தார்.

ஸ்ரீநிவாஸ் சாவியை எடுத்துத் தாணுவிடம் கொடுத்தார். மனசாட்சிக்காக இல்லை, எட்டுப் பேர் பார்க்கிறார்கள் என்பதற்காக. சாவித்ரிக்கு எந்தக் காரணமானாலும் போதும்.

அடுத்த வாரம் ஜெயஷீலாவுக்கு ஒரு மெமோ வந்தது: விருந்தினர் முன்னிலையில் நிறுவனத்தின் நலனுக்கு எதிராகப் பேசியது. ‘பேசியது உண்மை’ என்று இரண்டே வார்த்தையில் பதில் எழுதினார். வேலையை விட்டு நீக்கவில்லை. விருந்தினர்களில் மூன்று பேர் அவரைப் பாராட்டி இணையத்தில் எழுதியிருந்தார்கள். ஆந்தை நடை நின்றது, வாசலில் இருந்த படமும் போயிற்று. கேட் அதன் பிறகு பூட்டப்படவில்லை. சில லாட்ஜுகளில் அவர் பெயர் கேலிக்குரியதாயிற்று. ஈட்டிமூட்டுக்காரியின் ஆந்தை என்றால் இல்லாத ஒன்று என்று அர்த்தம். ஸ்பீக்கரை ஜெயஷீலா இடுப்பிலிருந்து கழற்றிவிட்டார். பட்டியல் முன்பைவிடக் குட்டையானது.

மே மாதம் கமிட்டி லாட்ஜுக்குப் பச்சை முத்திரையை வழங்கியது. அறிக்கையில் ஒரு வாக்கியம்: தன் பதிவிலிருந்த பிழையைத் தானே முன்வந்து திருத்திக்கொண்ட நிர்வாகத்தின் நேர்மை பாராட்டுக்குரியது. ஸ்ரீநிவாஸ் அந்த வாக்கியத்தைச் சட்டம்போட்டு வரவேற்பறையில் மாட்டினார். அதன் கீழே நின்று மெமோவைத் திரும்பப் பெறுவீர்களா என்று ஜெயஷீலா கேட்டார். யோசிக்கலாம் என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

சட்டத்துக்குள் இருக்கும் வாக்கியத்தில் சாவித்ரியின் பெயர் இல்லை. பாதை என்ற சொல்லும் இல்லை. அவர் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஐந்து மணிக்கு அதன் வழியே இறங்கி, ஐந்து நாற்பது பஸ்ஸில் ஏறுகிறார். பிப்ரவரிக்குப் பிறகு ஒரு முறைகூடத் தவறவில்லை.